பதினான்கு பேர்

சில மாதங்களாக ஒரு நாயின் பெயர் என் மனசைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காளி. ஆயிரத்து எழுபது ஆண்டுகளுக்கு முன், இன்றைய கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூர்ப் பக்கத்தில், ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதிச் செத்த நாய். பன்றியும் செத்தது. காளிக்குக் கல் நட்டார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதைச் செதுக்கி, கன்னட எழுத்தில் நடந்ததை எழுதி, ஊர்ச் சிவன் கோயிலுக்கு முன்னால் நிறுத்தினார்கள். பூசைக்கு நிலமும் விட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் அங்குள்ள பூசாரி வாயில் சோறு வைத்தால் நாயின் பாவம் அவரைச் சேரும் என்றும் எழுதி வைத்தார்கள். கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கேயோ கிடந்த அந்தக் கல்லை நான் இத்தனை மாதம் சுமந்துகொண்டு திரிவதற்குக் காரணம், அதே கல்லில் இன்னொரு சாவும் எழுதப்பட்டிருப்பதுதான். தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் செத்தது. கி.பி. 949. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்காகப் போரிட்ட கங்க அரசன் பூதுகன் அவனைக் கொன்றான். அந்தப் போரில் தன்னோடு நின்று வீரம் காட்டிய மணலேரன் என்பவனைப் பூதுகன் அழைத்து, என்ன வேண்டும் கேள் என்றான். மணலேரன் ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை, காளி என்ற அந்த நாயைக் கேட்டான். இப்படித்தான் எங்கள் பக்கத்து மண்ணில் நடந்த ஒரு பெரும்போரின் செய்தி, ஒரு நாயின் நடுகல்லில் ஏறி, காவிரிக்கரைச் சீமையில் போய் உட்கார்ந்தது.

எங்கள் பக்கத்து மண் என்றேன். திருவாலங்காட்டிலிருந்து தக்கோலம், பேரம்பாக்கம், புள்ளலூர் எல்லாவற்றையும் ஒரே பகலில் பைக்கில் சுற்றி வந்துவிடலாம். நான் அப்படி ஒருநாள் சுற்றினேன். தக்கோலத்தில் ஜலநாதீசுவரர் கோயில் இருக்கிறது. திருவூறல் என்று தேவாரத்தில் பெயர் பெற்ற தலம். கோயிலுக்கு வெளியே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, ராஜாதித்தன் சண்டை நடந்த இடம் எது என்று கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல், “சண்டையா சார்? துப்பாக்கிச் சத்தம்தான் தெனம் கேக்கும். அது அந்த ட்ரெய்னிங் சென்டர்ல” என்றார். அவர் சொன்னது மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம். அரக்கோணத்தைச் சுற்றி இப்படி நிறைய உண்டு: கடற்படையின் ராஜாளி விமானத்தளம், பேரிடர் மீட்புப் படையின் முகாம். தொழிற்பாதுகாப்புப் படையின் அந்த மையத்துக்கு 2025-இன் தொடக்கத்தில் ராஜாதித்த சோழன் பெயரைச் சூட்டினார்கள். ஆயிரத்து எழுபத்தைந்து ஆண்டு கழித்து, அவன் செத்த ஊரில், அவன் பெயரை ஒரு பலகையில் பார்க்கிறோம். எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் டீ ஆறுவதற்குள் ஆறிவிட்டது. அன்று அவன் மட்டுமா செத்தான்? கடைக்குப் பின்னால் நெல் வயல். நடவு முடிந்து பத்து நாள் இருக்கும்; தண்ணீர் மேல் பச்சை இன்னும் மூடவில்லை, நடுவே வானம் தெரிந்தது. கொக்குகள் வரிசையாக நின்றிருந்தன. இந்த வயலா, ஆற்றுக்கு அந்தப் பக்கமா, எந்த இடத்தில் அந்த யானை நின்றது என்று சொல்ல ஒரு கல் கிடையாது.

அந்தச் சாவு எப்படி நடந்தது என்பதிலும் ஒரு சிக்கல். ஆதகூர்க் கல்லை முதலில் படித்துப் பதிப்பித்த ஃபிளீட், பூதுகன் ராஜாதித்தனை வஞ்சகமாகக் குத்திக் கொன்றான் என்று படித்தார். பின்னால் வந்தவர்கள் அதே எழுத்துகளை வேறு விதமாகப் பிரித்து, அம்பாரியையே போர்க்களமாக்கிக் கொன்றான் என்று படித்தார்கள். சோழர்களின் லெய்டன் செப்பேடுகள் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே அம்பு பாய்ந்து மாண்டதைப் பாடுகின்றன. நானும் இரண்டாவது வாசிப்பையே நம்புகிறேன். ஆனால் ஓரிரு எழுத்தை எங்கே பிரிப்பது என்பதில் ஒருவன் துரோகியாகவும் வீரனாகவும் மாறுகிறானே என்ற நடுக்கம் எனக்குப் போகவில்லை. பிற்காலக் கல்வெட்டுகள் ராஜாதித்தனை ஆனைமேல் துஞ்சினவன் என்கின்றன. அவன் தம்பி அரிஞ்சயன் ஆற்றூர்த் துஞ்சினவன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சினவன். செத்த இடமே பட்டப்பெயராக ஒட்டிக்கொள்கிறது. துஞ்சுதல் என்றால் தூங்குதல். அரசர்கள் சாவதில்லை, தூங்கப் போகிறார்கள், எங்கே தூங்கினார்கள் என்று ஊர் நினைவு வைத்துக்கொள்கிறது. அன்று அந்த யானையின் காலடியில் கிடந்தவர்கள் எங்கே துஞ்சினார்கள் என்பதற்கு ஏடு இல்லை.

அந்தப் போரில் சோழர் பக்கம் நின்றவர்களில் ராஜாதித்தனுக்கு அடுத்து எனக்கு நெருக்கமாகத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் சாகாதவர். கேரளத்திலிருந்து வந்து ராஜாதித்தனின் படைத்தலைவராக இருந்த வெள்ளங்குமரன். தென்பெண்ணைக் கரையில் கிராமம் என்ற ஊரில் சிவன் கோயிலைக் கல்லில் எடுத்தவர். தக்கோலத்தில் தலைவனோடு சேர்ந்து சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்ற வெட்கம் அவரைத் தின்றது. உலகத்தை விட்டார். கங்கையில் நீராடினார். திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் துறவு பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு அங்கே மடத்துத் தலைவரானார். இதைச் சொல்லும் திருவொற்றியூர்க் கல்வெட்டு, ராஜாதித்தனைக் கொன்ற பக்கத்து அரசனான அதே கிருஷ்ணனின் ஆட்சியாண்டைப் போட்டே வெட்டப்பட்டிருக்கிறது. தொண்டை நாடு அப்போது அவன் கையில். பகைவன் ஆண்டைப் போட்டுத் தன் தலைவனுக்காகத் துக்கம் காத்த அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பழைய பெயரைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு துறவியின் பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். தன்னையே நட்டுக்கொண்ட கல் என்று அவரைச் சொல்லத் தோன்றுகிறது. தக்கோலத்துப் போருக்கு நம்மிடம் இருக்கும் நினைவுச் சின்னம் அவர்தான்.

நம்மிடம் சாதாரணனுக்குக் கல் நடும் பழக்கம் இல்லாமல் இல்லை. அதை நினைத்தால்தான் வேதனை கூடுகிறது. தொல்காப்பியம் அதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகள் வகுத்திருக்கிறது. கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களில் ராஜாக்கள் கிடையாது. மாடு மீட்கப் போய்ச் செத்தவர்கள், ஊரைக் காக்க நின்றவர்கள். அரசனின் ஆட்சியாண்டை மேலே போட்டு, இன்னான் சேவகன் இன்னான் இந்தச் சண்டையில் பட்டான் கல் என்று எழுதிவிடுகிறார்கள். திருவண்ணாமலைப் பக்கம் எடத்தனூரில் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆண்டில் நட்ட கல்லில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. தன் ஆள் செத்த பிறகு இரண்டு கள்ளரைக் கடித்துவிட்டு, அவன் பக்கத்திலேயே காத்து நின்ற நாய். அதற்கும் பெயர் எழுதியிருக்கிறது: கோவிவன். காளிக்கு முந்நூறு ஆண்டு முந்தியது. அந்தக் கல்லை வெட்டியவனுக்கு, நாயின் பெயரை யாரிடமோ கேட்கத் தோன்றியிருக்கிறது. கேட்டிருக்கிறான். ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு கேள்வியும் பதிலும்தான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. நாம் மனிதர்களை எண்ணும்போது ‘நாலு பேர்’, ‘பத்துப் பேர்’ என்கிறோம். ஆட்டை எண்ணினால் உருப்படி. ஆளை எண்ணினால் பேர். எண்ணும்போதே பெயரையும் சேர்த்துச் சொல்லும் மொழி. எப்போது அந்தச் சொல்லிலிருந்து பெயர் நழுவிப்போய் வெறும் எண்ணிக்கை மட்டும் நின்றது என்று தெரியவில்லை.

திருவாலங்காட்டுக்கு நான் போவது கோயிலுக்காக மட்டும் இல்லை. 1905-இல் இங்கே கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் முப்பத்தொன்று, ஒரே வளையத்தில் கோத்து, முத்திரை வைத்தவை, இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பக்கத்திலிருக்கும் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த சாசனம். கொடுத்தது ஓர் ஊர்தான். அதற்கு எத்தனை பெயர்கள்! ஆணை எழுதியவர், ஒப்பிட்டவர், வரியில் பதிந்தவர், கையெழுத்திட்டவர் என்று அதிகாரிகளின் பெயர்கள் ஊரும் பட்டமுமாக ஏடு ஏடாகப் போகின்றன. செம்பில் எழுத்து வெட்டிய காஞ்சிபுரத்துச் சிற்பிகளின் பெயர்கள்கூட விடுபடவில்லை. ஊரின் எல்லையை ஒரு பெண்யானையை நடத்திச் சுற்றி வந்து, கல்லும் கள்ளியும் நட்டுக் குறித்தார்கள். எந்த வாய்க்காலுக்குக் கிழக்கே, எந்த மேட்டுக்குத் தெற்கே என்று அடி அடியாக எழுதியிருக்கிறது. படிக்கப் படிக்க ஒரு மனிதன் அந்த வரப்பில் நடந்துபோவது தெரியும். நிலத்தின் ஓரத்தை இத்தனை அன்போடு எழுதத் தெரிந்த கை அது. எல்லை என்றதும் இந்த ஊர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். திருத்தணியைத் தமிழ்நாட்டோடு சேர்க்க ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தில் சிறையில் உயிர்விட்ட திருவாலங்காடு கோவிந்தசாமி. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டம் சித்தூர் மாவட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. அவர் பெயரைச் சொல்லும்போது ஊரையும் சேர்த்தே சொல்கிறார்கள். அதனால் அவர் தொலையவில்லை.

கள்ளி என்றால் இந்தப் பக்கத்தில் வேறொரு நினைவும் வரும். பழையனூர் நீலி. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனைத் தேடிப் பேயாக வந்தவள், கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் வீட்டுக்காரர், என்னை விட்டு ஓடுகிறார்’ என்று பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுதாள். அந்த அழுகையைத்தான் இன்றும் நீலிக் கண்ணீர் என்கிறோம். அவளோடு போ, உன் உயிருக்கு ஏதாவது வந்தால் நாங்கள் உயிர் தருகிறோம் என்று எழுபது பேரும் அவனுக்கு வாக்குக் கொடுத்தார்கள். விடிவதற்குள் அவன் செத்துக் கிடந்தான். எழுபது பேரும் தீ வளர்த்து இறங்கினார்கள். ஒரு வழிப்போக்கனுக்குக் கொடுத்த வார்த்தை, அவ்வளவுதான். திருவாலங்காட்டுக்கும் பழையனூருக்கும் நடுவே அவர்கள் தீப்பாய்ந்த இடம் என்று ஒரு மண்டபத்தைக் காட்டுகிறார்கள். தீக்குழிக்குள் நிற்கும் உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் சாட்சி பூதேசுவரர். நடந்ததற்குச் சாட்சியாக நின்ற சாமி. ஞானசம்பந்தர் தம் பதிகத்தில் இந்தக் கதையைத் தொட்டுப் பாடியிருப்பதால் இது மிகப் பழைய நினைவு. சித்திரை வெயிலில் ஒருநாள் நான் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கல். மூக்கும் விரலும் மழுங்கிப்போன சின்னச் சின்ன உருவங்கள். எல்லோரும் கை கூப்பியிருக்கிறார்கள், எல்லோர் முகமும் ஒன்றாக இருக்கிறது. இங்கும் எழுபது என்ற எண்ணே இருக்கிறது. ஆனால் இந்த எழுபதில் எனக்கு அந்த உறுத்தல் வரவில்லை. ஏன் என்று வெகுநேரம் யோசித்தேன். அவர்கள் ஒரே வாயாக வாக்குக் கொடுத்தார்கள், ஒரே உயிராகப் போனார்கள், தனித்தனிப் பெயரை அவர்களே அந்தத் தீயில் சேர்த்துப் போட்டுவிட்டார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த ஊரிலேயே இன்னொருவரும் அப்படிச் செய்திருக்கிறார். காரைக்கால் அம்மையார் தம் பாட்டில் தம்மைக் காரைக்கால் பேய் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். புனிதவதி என்ற பெயர் நமக்குச் சேக்கிழார் சொல்லித்தான் தெரியும். ஈமக்காட்டில் பேய்களோடு பேயாக நின்று ஆட்டத்தைப் பார்த்தவருக்குப் பெயர் எதற்கு? அவர் விட்டது. சிலரிடமிருந்து நாம் பிடுங்கியது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

புள்ளலூருக்குப் போனபோது இந்த வேறுபாடு முகத்தில் அறைந்தது. காசாக்குடிச் செப்பேடு மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை அழித்த இடமாகச் சொல்லும் அதே புள்ளலூர். வெள்ளைக்காரர் வாயில் பொள்ளிலூர். 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பேய்லியின் கம்பெனிப் படை இங்கே ஹைதர் அலி, திப்பு இருவரிடமும் சிக்கி நாசமானது. வடக்கிலிருந்து வந்த பேய்லி கொசஸ்தலையாற்று வெள்ளத்தில் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டார். பேரம்பாக்கத்தில் திப்பு அவரை மறித்தான். காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ காப்பாற்ற வந்து சேரவில்லை. மைசூர்ப் படையின் வாணங்கள் சீறின, பேய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, கதை முடிந்தது. மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். பேய்லியின் படையில் மூவாயிரத்துக்கு மேல் ஆள். பெரும்பகுதி நம்மூர்ச் சிப்பாய்கள். அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று அயர் கூட் அதே இடத்தில் ஹைதரோடு மறுபடி மோதியபோது, முந்தின வருஷத்து எலும்புகள் அடக்கம் இல்லாமல் வயலில் கிடந்ததைக் கம்பெனிப் படை பார்த்திருக்கிறது. இன்று புள்ளலூரில் இரண்டு கூர்ந்த தூண்கள் நிற்கின்றன. அந்த இரண்டாவது சண்டையில் செத்த கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப், லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன் இருவருக்கும். கைதியாகச் செத்த பேய்லிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1816-இல் உறவினர் எழுப்பிய நினைவிடம் இருக்கிறது. அந்த ஊர் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு தீட்டவைத்த பெரிய ஓவியத்தில் பேய்லி பல்லக்கில் விரலைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். சிப்பாய்கள் சிவப்புச் சட்டையில் வரிசை வரிசையாக, ஒரே முகமாக.

தூண்களின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் தோழன் செத்த இடத்தில் ஒரு கல் வைக்க வேண்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம். ஹிஸ்லாப்புக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். கடல் கடந்து வந்து புள்ளலூர்க் கரம்பையில் விழுந்தவனின் பெயர் இருநூற்று நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அங்கே நிற்பதைப் பார்க்கும்போது, அந்தத் தாய்க்காக மனம் ஆறுகிறது. அதே கணத்தில், சுற்றிலும் உழுது கிடக்கும் நிலத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தூணுக்குப் பத்தடி தள்ளி ஒருவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். செங்கல் செங்கலாக மண் புரண்டு கிடந்தது. எலும்பு மண்ணாகி, மண் நெல்லாகி, எத்தனை போகம் விளைந்து, எத்தனை பேர் சாப்பிட்டாயிற்று. அந்த மூவாயிரத்தில் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நினைத்தபடியே நின்றேன். ஹைதர் பக்கம் செத்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே.

வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு ஒன்று இருக்கிறது. காய்கறி மூட்டையும் ஆட்டோவும் இடித்துக்கொண்டு போகும் இடத்தில், அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரமில்லாத ஒரு சுவரில், சின்னச் சலவைக்கல் பலகை. இந்தக் கிராமத்திலிருந்து 277 ஆண்கள் 1914-18 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தனர் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. முதல் உலகப்போர் முடிந்தபின் இந்த வாசகத்தோடு ஊர் ஊராகப் பலகைகள் வைத்தார்கள். ஒரே அச்சு. ஊர்ப் பெயருக்கு ஓர் இடம், போனவர் எண்ணுக்கு ஓர் இடம், செத்தவர் எண்ணுக்கு ஓர் இடம். பதினான்கு பெயர்களை எழுத எவ்வளவு கல் வேண்டும்? பலகைக்குக் கீழே ஒரு முழம் போதும். பதினான்கு என்ற எண் கணக்கில் இருந்தது என்றால் பதினான்கு பெயர்களும் எங்கோ ஒரு பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும். பெயர் இல்லாமல் எண்ணிக்கை வராது. கையில் இருந்த பெயர்களைக் கீழே வைத்துவிட்டு எண்ணை மட்டும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். காளிக்கும் கோவிவனுக்கும் கிடைத்தது இந்தப் பதினான்கு பேருக்குக் கிடைக்கவில்லை. வெள்ளைக்கார அரசாங்கத்தின் அலட்சியம் என்று அங்கேயே திட்டிவிட்டு வந்தேன். ஊர் திரும்பும் பஸ்ஸில், சோளிங்கர் தாண்டும்போது, அந்தத் திட்டு என் பக்கமே திரும்பியது.

எங்கள் ஆயாவின் ஊர் அரக்கோணத்துக்கும் திருவாலங்காட்டுக்கும் நடுவில். அவளுடைய அண்ணன் இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்துக்குப் போனார். பர்மாவுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச காலம் மணியார்டர் வந்தது, பிறகு நின்றது. ஆள் வரவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டில் முன்னோருக்குப் படையல் போடும்போது, ஆயா ஒரு செங்கல்லைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, தனியாக ஒரு வாழையிலை முன் நிறுத்துவாள். கோடி வேட்டி ஒன்று. கருவாட்டுக் குழம்பு. ஒரு கட்டு பீடி. பீடிக்கட்டைச் சுற்றியிருக்கும் சிவப்பு நூலை அவளே அவிழ்த்து, ஒன்றை மட்டும் தனியே உருவி வைப்பாள், எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்பதுபோல. செங்கல்லைக் காட்டி “பட்டாளத்தண்ணனுக்குக் கும்புட்டுக்க” என்பாள். அம்மாவுக்கு அவர் பட்டாளத்து மாமா. எங்களுக்குப் பட்டாளத்துத் தாத்தா. தொல்காப்பியம் சொல்லும் ஆறு படிகளில் ஒன்றுகூட குறையாமல், அந்தப் படிப்பறியாத கிழவி ஒரு செங்கல்லுக்கு ஆண்டுதோறும் செய்துகொண்டிருந்தாள் என்று இப்போது புரிகிறது. ஆயா போய் இருபது வருஷம் ஆகிறது. அன்று வேலூரிலிருந்து வந்து, கைகால்கூட கழுவாமல், அம்மாவிடம் கேட்டேன்: “பட்டாளத்துத் தாத்தா பேர் என்னம்மா?” அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. வெகுநேரம் யோசித்தாள். “பட்டாளத்து மாமான்னுதான்டா சொல்லுவோம்” என்றாள். பெரியம்மாவுக்குப் போன் செய்தோம். அவளுக்கும் தெரியவில்லை. ஆயாவின் ஊரில் பங்காளிகள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். முனுசாமியாக இருக்கலாம் என்றார் ஒருவர், இல்லை அது அவர் அப்பா பேர் என்றார் இன்னொருவர். பட்டாளத்தார் வீடு என்று எங்கள் வீட்டைச் சொல்வது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது.

ரங்கூனுக்கு வடக்கே தவுக்யான் என்ற இடத்தில் ஒரு போர் நினைவிடம் இருக்கிறது. பர்மாப் போரில் செத்து, எங்கே புதைந்தார்கள் என்று தெரியாமல் போன காமன்வெல்த் படைவீரர் ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்களைத் தூண் தூணாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். பட்டியல்களும் தேடிப் பார்க்கும்படி இருக்கின்றன. பெயர், படைப்பிரிவு, செத்த நாள், சிலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும். முதல் போரில் செய்த பிழையை வெள்ளைக்காரன் இரண்டாவது போரில் அங்கே ஓரளவு சரிசெய்திருக்கிறான். அந்தப் பட்டியலில் எங்கள் தாத்தா இருக்கலாம். வட ஆற்காடு, செங்கற்பட்டு என்று போட்ட பெயர்களை இரவெல்லாம் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு பெயரிலும் நின்றேன். இவராக இருக்குமோ? எந்தப் பெயரில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கல் அங்கே காத்திருக்கிறது. எழுத்தும் வெட்டியாயிற்று. அதைப் படித்து ‘இது எங்கள் ஆள்’ என்று சொல்ல ஒரு பெயர் வேண்டும், அது எங்கள் வீட்டில்தான் இருந்தது. முப்பது வருஷம் ஆயாவின் மடியில் படுத்துக் கதை கேட்டவன் நான். நீலி கதையை நூறு முறை கேட்டிருப்பேன். இதைக் கேட்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கும் அம்மா செங்கல்லைக் கழுவி வைத்தாள். பீடிக்கட்டின் நூலை நான் அவிழ்த்தேன். உங்கள் வீட்டில் எண்பது தாண்டியவர் யாராவது இருந்தால், பட்டாளத்துக்கோ ரப்பர் தோட்டத்துக்கோ கப்பலுக்கோ போய்த் திரும்பாத ஒருவரை அவர் முறை சொல்லிக் கும்பிடுகிறார் என்றால், அவர் பெயரையும் தகப்பன் பெயரையும் போன வருஷத்தையும் இன்றைக்கே கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.